வேர் நுனியில் பதினான்கு

“எனக்கு ஏன் சார் பூஜ்யம்?” என்று கேட்டாள் தையல்நாயகி.

பேராசிரியர் சேஷகிரி நிமிரவில்லை.

“செய்முறைக்குக் கொடுத்த செடியோட வேர்ல குரோமோசோம் பன்னிரண்டு. நீ பதினாலுன்னு எழுதியிருக்கே.”

“பதினாலுதான் சார் இருக்கு.”

“புத்தகத்துல பன்னிரண்டு.”

புத்தகம் அவர் எழுதியது.

அந்தக் கல்லூரியில் பெண் அவள் ஒருத்திதான். இருபத்தெட்டு ஆண்கள் பார்த்து முடித்த பிறகுதான் நுண்ணோக்கி அவளுக்கு. அதற்குள் வெயில் இறங்கிவிடும். சூரிய வெளிச்சத்தில் பார்க்கிற கருவி அது. வெளிச்சம் போனால் வெறும் பித்தளை.

அந்த இருபத்தெட்டுப் பேரும் எண்ணவே இல்லை. புத்தகத்தைப் பார்த்து எழுதி முழு மார்க் வாங்கிக்கொண்டார்கள். இவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போய் ஐந்து முறை எண்ணினாள். பைத்தியக்காரப் பெண்.

“இதுல ஃபெயிலானா அப்பா கூட்டிட்டுப் போயிடுவார் சார். மாப்பிள்ளைக்கு நாற்பது வயசு. என்னை ரெண்டாந்தாரமா கேட்டிருக்காங்க. தேதி குறிச்சாச்சு.”

அவர் எழுந்தார். அவள் கொண்டுவந்திருந்த கண்ணாடித் தகட்டை வாங்கி, நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார். அவசரப்படாமல் எண்ணினார்.

“பதினாலு” என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“முப்பது வருஷம் முன்னால நான் எண்ணினப்பவும் பதினாலுதான்.”

“அப்புறம் ஏன் சார்?”

“எனக்கு மேல இருந்த வெள்ளைக்கார துரை பன்னிரண்டுன்னு சொன்னார். எழுதினேன்.” நாற்காலியின் கையைத் தட்டினார். “இது கிடைச்சது.”

அவளுடைய செய்முறை நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“பன்னிரண்டுன்னு மாத்திடு. பாஸ் போடறேன். நீயும் பிழைச்சுப்பே.”

அவள் பேனாவை எடுத்தாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

பிறகு ஓர் எழுத்தையும் தொடாமல் நோட்டை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘சரிபார்த்தேன்’ என்று ஒரு கோடு உண்டு. அது ஆசிரியர் கையெழுத்துக்கான இடம்.

“பதினாலுக்குக் கீழே கையெழுத்துப் போடுங்க சார். நீங்களும்தானே பார்த்தீங்க?”

அவர் தன் பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்தக் கோட்டையே வெகுநேரம் பார்த்தார். மறுபடி மூடினார்.

“நான் ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கும்மா” என்றார்.