மேசையைத் தட்டும் தேர்வு

தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், ஆங்கில உச்சரிப்புக் கூடத்தை ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாகவே பெருக்கி வந்தவன் சுடலையாண்டி. நேர்காணலில் தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் அதுவும் போச்சு.

முதல்வர் ஞானசிகாமணி தொண்டையைச் செருமினார். "'ஆப்சென்ட் மைண்டட்.' எத்தனை அசையோ அத்தனை தடவை மேசையில தட்டு. அழுத்தம் விழுற அசையில ஓங்கித் தட்டணும்."

பெருக்குவதற்கு இது எதற்கு என்று கேட்க நாதியில்லை. பக்கத்தில் ஆங்கிலத் துறைத்தலைவர் ரங்கமன்னார் வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

"தட்டுறேன் ஐயா. ஆனா என்னைக் கேட்டுத்தான் நீங்க விடை தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிரக் கூடாது. முதல்ல ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி வச்சிருங்க."

எழுதினார்கள். திருப்பிப் பார்த்தால், முதல்வருக்கு அழுத்தம் முதல் அசையில், தலைவருக்கு மூன்றாவதில்.

"உமக்கு யாருய்யா டாக்டர் பட்டம் குடுத்தது?"

"உம்மை முதல்வராக்கினவன்தான்!"

"ஐயா, நான் யாரோடதைத் தட்டட்டும்?" என்றான் சுடலையாண்டி பணிவாக.

அந்தச் சொல் தனியே நின்றால் மூன்றாவதில், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் முதலாவதில். அழுத்தம் அப்படி இடம் மாறும். கூடத்தைப் பெருக்கிக்கொண்டே ஒன்பது வருஷம் ஒலிநாடா கேட்டவனுக்கு அது தெரியும். அவனிடம் யார் கேட்டார்கள்?

அரை மணி நேரத்தில் ஒருவர் தாளை மற்றவர் சுக்குநூறாகக் கிழித்தார். அப்புறம் அவனுக்குப் பூஜ்யம் போடுவதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"போறதுக்கு முன்னால," என்றார் முதல்வர், "இந்தக் காகிதத்தையெல்லாம் கூட்டி அள்ளிட்டுப் போ."