கொண்டலாத்தியின் இறங்குதிடல்

மழை நன்றாகப் பெய்யும் ஒரு காட்டில், குன்றின் காலடியில் பெரிய சதுப்பு ஒன்று இருந்தது. சேறும் தண்ணீரும் கோரையும் நிறைந்த இடம். தவளைகள், ஆமைகள், நீர்நாய்கள், தாழைக்கோழிகள் என்று அங்கே குடியிருந்தவர்களை எண்ணி முடியாது.

சதுப்பை ஒட்டி மேட்டில் ஒரு திடல். குட்டைப் புல் வளர்ந்த, கல் முள் இல்லாத, நீளமான திடல். குழந்தைகளே, அந்தக் காட்டுக்கு அதுதான் விமான நிலையம்.

மார்கழி பிறந்ததும், வடக்கே பனிமலைகளுக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் கூட்டமாக வரும். கனத்த உடம்பு என்பதால், தரையில் இறங்கிச் சற்றுத் தூரம் ஓடித்தான் அவற்றால் நிற்க முடியும். அந்தத் திடலில் ஒரே சமயத்தில் நாற்பது வாத்துகள் இறங்கலாம். மற்றவை தங்கள் முறை வரும்வரை வானத்தில் வட்டமிடும்.

யார் எப்போது இறங்க வேண்டும் என்று சொல்வது கொண்டலாத்திப் பறவையின் வேலை. அதன் தலையில் விசிறிபோல ஒரு கொண்டை உண்டு. பெருமை வந்தால் கொண்டை விரியும். அதனால் அது பெரும்பாலும் விரிந்தபடியேதான் இருக்கும்.

ஓர் ஐப்பசி மாதக் கடைசியில் கொண்டலாத்திக்கு ஒரு யோசனை வந்தது.

"நாற்பது வாத்துகள் என்ன, நானூறு வாத்துகள் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். இந்தச் சதுப்பை மண் போட்டு மூடினால் திடல் பத்து மடங்கு பெரிதாகும். எட்டுத் திசையிலும் என் திடலைப் பற்றிப் பேசுவார்கள்" என்றது அது.

"அங்கே குடியிருப்பவர்கள் என்ன சொல்வார்களோ?" என்று ஒரு மைனா கேட்டது.

"அவர்களையும் கேட்டுவிடுவோம். எல்லாம் முறைப்படி நடக்கும்" என்றது கொண்டலாத்தி.

முறைப்படிதான் நடந்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை என்று அறிவித்தார்கள். இடம், காட்டிலேயே உயரமான இலுப்பை மரத்தின் உச்சிக் கிளை.

ஆமைகள் மரத்தடிவரை வந்து அண்ணாந்து பார்த்தன. நீர்நாய் இரண்டு முறை ஏறி இரண்டு முறையும் வழுக்கி விழுந்தது. தாழைக்கோழிக்கு அவ்வளவு உயரம் பறக்க வராது. அது போதாதென்று ஏழு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மரத்தவளை மட்டும் விடியலில் கிளம்பி, ஒட்டி ஒட்டி ஏறி, மூச்சு வாங்க உச்சிக்கு வந்து சேர்ந்தது.

"எங்களுக்கு இதில் சம்மதம் இல்லை" என்றது மரத்தவளை.

"எங்களுக்கு என்றால் யாருக்கு?" என்று கேட்டது கொண்டலாத்தி.

"கீழே நிற்கும் எல்லோருக்கும்."

"கீழே நிற்பவர்கள் கூட்டத்தில் இல்லை. நீ ஒருவன் சொல்வது கருத்து ஆகாது. அது வெறும் சத்தம்" என்ற கொண்டலாத்தி, கொண்டையை விரித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது. "யாரும் மறுக்கவில்லை. திட்டத்துக்கு எல்லோரும் சம்மதம்."

மறுநாளே வேலை தொடங்கியது. காட்டுப்பன்றிக்கு வலு அதிகம், யோசனை குறைவு. சதுப்பில் தோண்டும்போது அகப்படும் கோரைக்கிழங்கையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளலாம் என்று கொண்டலாத்தி சொல்லியிருந்தது. பன்றி மூக்கால் மேட்டு மண்ணைத் தள்ளித் தள்ளிச் சதுப்பில் கொட்டியது. கார்த்திகை பாதியாவதற்குள் தெற்கு மூலை முழுவதும் மூடிவிட்டது. அங்கே வாழ்ந்த தவளைகள் மூட்டை முடிச்சு இல்லாமல் வடக்கு மூலைக்குப் போய் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன.

ஒருநாள் காலை, பன்றி தள்ளிய மண் தாழைக்கோழியின் கூட்டருகே வந்து விழுந்தது.

தாழைக்கோழி எதையும் கேள்வி கேட்கும் இயல்புடையது. அது முட்டைகள்மேல் இருந்து எழாமலே கேட்டது. "அடுத்து எந்த இடம், பன்றியாரே?"

"நீ உட்கார்ந்திருக்கும் இடம்தான்."

"முட்டை பொரிய இன்னும் ஆறு நாள் இருக்கிறதே."

"என்னை மண் தள்ளச் சொன்னார்கள். நாள் எண்ணச் சொல்லவில்லை" என்றது பன்றி.

"சரி, கிழங்கு எப்படி இருக்கிறது?"

"அருமையாக இருக்கிறது" என்று பன்றி வாயைச் சப்புக்கொட்டியது.

"நல்லது. சேறு இருந்தால்தான் கோரை முளைக்கும். சதுப்பை முழுக்க மூடிவிட்டால் அடுத்த வருடக் கிழங்கு எங்கே முளைக்கும்?"

பன்றி மூக்கில் மண்ணோடு அப்படியே நின்றது.  "அதைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்றது கடைசியில். பிறகு, தனக்குக் கழுத்து வலிப்பதாகச் சொல்லி ஆறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டது.

தாழைக்கோழிக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. கேட்க வேண்டிய கேள்வியை, கேட்க வேண்டியவர் கேட்டால் யாரும் நின்று யோசிப்பார்கள். கொண்டலாத்தியிடம் சதுப்புக்காரர்கள் கேட்டால் அது சத்தம். வேறு யார் கேட்டால் அதன் காதில் விழும்?

அன்று சாயங்காலம், நீர்நாயை முட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டு, தாழைக்கோழி திடலுக்கு நடந்து போனது.

"கொண்டலாத்தியாரே, வாத்துக் கூட்டம் வருவதற்கு முன்னால் மூன்று முன்னோடி வாத்துகள் வந்து இடம் பார்த்துப் போவது வழக்கம் அல்லவா?"

"ஆமாம். நாளை மறுநாள் வருவார்கள்."

"உங்கள் பெரிய திடலை அவர்களுக்குக் காட்டினால் என்ன? அவர்கள் போய் உங்கள் பெயரைச் சொல்வார்களே."

கொண்டை விரிந்தது. உடனே மடங்கியது. "ஒரு மூலைதான் முடிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் சேறு. எப்படிக் காட்டுவது?"

"அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அன்று ஒரு நாள், திட்டம் முழுவதும் முடிந்துவிட்டதுபோலவே இருக்கும். சதுப்பு உங்கள் கண்ணுக்கே தெரியாது."

"உங்களுக்கு இதில் என்ன லாபம்?" என்று கொண்டலாத்தி சந்தேகமாகக் கேட்டது.

"விருந்தாளிகளுக்குப் பிடித்திருந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போகிறோம். பிடிக்காவிட்டால் நீங்கள் திட்டத்தைக் கைவிட வேண்டும்."

"பிடிக்காமல் போகுமா?" என்று சிரித்தது கொண்டலாத்தி. "சரி, ஒப்புக்கொள்கிறேன்."

மறுநாள் முழுவதும் சதுப்பில் திருவிழாபோல வேலை நடந்தது. ஆமைகள் கோரையின்மேல் ஏறி அதைச் சாய்த்துப் படுக்கவைத்தன. நீர்நாய்கள் காய்ந்த சருகுகளைக் கட்டுக்கட்டாக இழுத்து வந்து தண்ணீரின்மேல் பரப்பின. கழுத்து வலியோடு பன்றியும் வந்து கரையோரம் மண் தூவிக் கொடுத்தது. மேலிருந்து பார்த்தால் வெறும் பொட்டல்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை தவளைகளுக்குத்தான். ஒரு நாள் முழுக்க வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு இலையைக் கவ்விக்கொண்டு, கன்னம் உப்ப, சருகுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டன.

சொன்ன நாளில் மூன்று வாத்துகளும் வந்தன. மூத்த வாத்து முதலில் இறங்கியது. ஓடியது, ஓடியது, வேண்டிய மட்டும் ஓடி, மண் மூடிய தெற்கு மூலையில் காத்திருந்த கொண்டலாத்தியின் முன்னால் வந்து நின்றது.

"வாருங்கள், வாருங்கள். திடல் எப்படி இருக்கிறது?" கொண்டலாத்தியின் கொண்டை முழுவதும் விரிந்திருந்தது.

"இறங்குவதற்கு மிக நன்றாக இருக்கிறது" என்றது மூத்த வாத்து. "மேகத்துக்குள்ளே வரும்போதுதான் கொஞ்சம் தடுமாறிவிட்டோம். தவளைச் சத்தத்தைக் கேட்டுத்தான் எப்போதும் இடத்தைக் கண்டுபிடிப்போம். இந்த வருடம் ஒரு சத்தமும் இல்லையே?"

"அவர்கள் இப்போது இங்கே இல்லை."

"ஓகோ. தாகமாக இருக்கிறது. தண்ணீர் எங்கே?"

கொண்டலாத்தி கொஞ்சம் தயங்கியது. "தண்ணீர் இருந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்."

மூத்த வாத்து குனிந்து தன் கால்களைப் பார்த்தது. "சரி, கோரைக்கிழங்கு? ஒரு மாதப் பயணம். நல்ல பசி."

"அதற்கும் மேலேதான் நிற்கிறீர்கள்" என்றது கொண்டலாத்தி. அதன் கொண்டையில் இரண்டு இறகுகள் மடங்கின.

"நாங்கள் எங்கே உறங்குவது? நரி வராமல் இருக்க, நடுத்தண்ணீரில்தானே உறங்குவோம்?"

கொண்டையில் மீதி இறகுகளும் ஒவ்வொன்றாக மடங்கின. பிறகு கொண்டலாத்தி மெல்லச் சொன்னது. "இடம் போதாமல் வானத்தில் சுற்றிச் சுற்றிச் சிரமப்படுகிறீர்களே என்றுதான் இதைச் செய்தேன்."

"சிரமமா?" என்று இளைய வாத்து ஒன்று வியந்தது. "எந்தப் பக்கம் கோரை அதிகம் என்று பார்த்துக்கொண்டு சுற்றுவோம். பயணத்திலேயே எங்களுக்குப் பிடித்தது அதுதான்."

மூத்த வாத்து அன்பாகத்தான் பேசியது. "இறங்க இடம் வேண்டும், உண்மைதான். ஆனால் இறங்குவதற்காக மட்டும் யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லை, கொண்டலாத்தியாரே. நாங்கள் வேறு ஏரி பார்க்கிறோம். பின்னால் வருபவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்." அது சிறகை விரித்தது.

"ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று கொண்டலாத்தி பதறிப்போய், சதுப்பின் ஓரத்துக்கு ஓடியது. "தாழைக்கோழி, எங்கே இருக்கிறாய்? சருகை எடுக்கச் சொல். சீக்கிரம்."

சருகுக்கு அடியிலிருந்து சிவந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. "திட்டம் என்ன ஆவது?"

"திட்டம் கிடக்கட்டும்."

"என் ஒருத்தி காதில் விழுந்தால் போதாது. எல்லோருக்கும் கேட்க வேண்டும்."

கொண்டலாத்தி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டது. "சதுப்பு சதுப்பாகவே இருக்கட்டும். மூடிய மூலையையும் திறந்துவிடுவோம். உங்களைக் கேட்காமல் செய்தது என் தவறு."

 உடனே ஆயிரம் தவளைகள் ஆயிரம் இலைகளைத் துப்பின. காலை முதல் அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. குன்றுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மான்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. நீர்நாய்கள் சருகைக் கிழித்துக்கொண்டு துள்ளின. சாய்ந்திருந்த கோரை ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. அதன் நடுவே தண்ணீர் வெயிலில் பளபளத்தது.

மூன்று வாத்துகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மறு பேச்சில்லாமல் தண்ணீரில் போய் விழுந்தன.

அடுத்த நாளே பன்றிக்குக் கழுத்து வலி தீர்ந்துவிட்டது. தள்ளிய மண்ணையெல்லாம் அதுவே தோண்டி மேட்டுக்குத் திருப்பியது. தெற்கு மூலையில் மீண்டும் தண்ணீர் ஊறியபோது, தவளைகள் வரிசையாகத் தங்கள் பழைய இடத்துக்குக் குடிவந்தன. அந்த வாரமே தாழைக்கோழியின் ஏழு முட்டைகளும் பொரிந்தன.

மார்கழி முதல் வாரத்தில் வானம் நிறைய வாத்துகள் வந்தன. நாற்பது நாற்பதாக இறங்கின. மற்றவை உற்சாகமாகக் கத்திக்கொண்டு வட்டமடித்தன. முறை சொல்லிக்கொண்டிருந்த கொண்டலாத்தி, மேலே பார்த்தபடியே பின்னால் நடந்து, கால் தவறிச் சேற்றில் விழுந்தது. கொண்டையெல்லாம் சேறு. நீர்நாய் அதைத் தூக்கிவிட வந்து, தானும் விழுந்தது. அதைப் பார்த்துத் தாழைக்கோழியின் ஏழு குஞ்சுகளும் வேண்டுமென்றே சேற்றில் விழுந்து புரண்டன. கொண்டலாத்தி முதலில் முறைத்தது. பிறகு தன் உருவத்தைத் தண்ணீரில் பார்த்துவிட்டு, எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தது.

நீதி: குடியிருப்பவர்களைக் கேட்காமல் ஓர் இடத்தை மாற்றினால், அந்த இடத்தைத் தேடி வருபவர்களையும் இழக்க நேரும்.