பூஜ்யங்களை நாடு கடத்திய ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தும்பிப்பாடி என்ற நாட்டைக் கொற்றங்கோ என்றொரு ராஜா ஆண்டார். காலையில் அவருக்கு என்ன தோன்றுகிறதோ, மதியத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் ஆஸ்தான வித்தகர் மாசிலார் ராஜாவுக்குக் கணக்குப் பாடம் நடத்தினார். "தனியே நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பே கிடையாது, மன்னா!" ராஜா காதில் விழுந்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கொட்டாவி விழுங்கிவிட்டது.

"மதிப்பில்லாதவனுக்கு என் நாட்டில் என்ன வேலை? எல்லாப் பூஜ்யத்தையும் நாடு கடத்துங்கள்!"

படைவீரர் ஐயாயிரம் பேர். அந்த எண்ணிலிருந்த மூன்று பூஜ்யங்களையும் விரட்டிவிட்டு, அரண்மனைச் சமையற்காரர்கள் ஐந்தே இலை போட்டார்கள். வாசலில் பட்டாளம் பசியில் உறுமியது.

அமைச்சர் செங்காடன் ஓடி வந்தார். "மன்னா, இன்னும் கொஞ்ச நேரம் போனால் கோட்டைக் கதவைக் கடித்துத் தின்றுவிடுவார்கள்!"

"பூஜ்யம் எதற்கென்று எனக்குப் புரிய வையும். புரியாவிட்டால் பூஜ்யங்களோடு நீரும் நடையைக் கட்டும்."

செங்காடனுக்குத் தெரியும்: பாடம் சொன்னால் கொட்டாவிதான் வரும். "அப்படியானால் விளையாடலாம், மன்னா."

"கணிதம் என்ன கிட்டிப்புள்ளா?" மாசிலார் கெக்கலித்தார்.

செங்காடன் காதில் வாங்கவில்லை. இரண்டு அணி, அணிக்கு நாலு பேர். ஒருவர் மார்பில் ஐந்து, மற்ற மூவர் மார்பில் பூஜ்யம். வரிசையாக நிற்கவேண்டும், யாருடைய எண் பெரிதோ அவர்களுக்கே ராஜாவின் பாயசக் குண்டான். ராஜாதான் ஐந்து, மாசிலாரும் இரண்டு பிரதானிகளும் பூஜ்யம். எதிரே காவலாளிகள்.

"சட்டம் சட்டம்தான். ஓடுங்கள், பூஜ்யங்களே!" என்று மூவரையும் துரத்திவிட்டு ராஜா தனியாக நின்றார்.

"இங்கே ஐந்து! அங்கே ஐயாயிரம்!" என்று கூவினான் கட்டியக்காரன். குண்டான் காலி.

"ஐயோ, என் பாயசம்! திரும்பி வாருங்களய்யா!"

வந்தார்கள். ஆனால் மாசிலார், "வித்தகன் எவன் முதுகுக்குப் பின்னாலும் நிற்கமாட்டான்" என்று ராஜாவுக்கே முன்னால் போய் நின்றார்.

"ஐந்நூறு!" இரண்டாவது குண்டானும் போயிற்று.

ராஜா அவர் குடுமியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "யோவ், முன்னால் நின்றால் நீர் வெறும் பூஜ்யம். எனக்குப் பின்னால் நின்றால் நான் பத்து மடங்கு..." சொன்ன வாய் அப்படியே திறந்து நின்றது. "அட! எனக்குப் புரிந்துவிட்டதே! போடுங்கள் ஐயாயிரம் இலை!"

செங்காடன் கழுத்தில் ராஜாவின் முத்துமாலை விழுந்தது. மாசிலாருக்கும் பதவி கிடைத்தது: பாடசாலையில் பூஜ்யமாக நிற்பது.

"வித்தகரே, இன்னும் கொஞ்சம் பின்னால போங்க!" என்று மார்பில் எண் மாட்டிய பிள்ளைகள் தினமும் அவரை நகர்த்துவார்கள். மணி அடித்ததும் எல்லா எண்களும் சோற்றுக்கு ஓடிவிடும். அந்த வழியாகப் போகும் செங்காடன் மட்டும் எட்டிப் பார்ப்பார்.

"இப்போது என்ன எண், ஐயா?"

"தெரிந்துகொண்டே கேட்கிறீரே!" என்பார் மாசிலார்.