எருக்குழிக்குப் போகாத குச்சிகள்

"எனக்கு எப்பம்மா காவி குடுப்பிய?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

இது முதல் தடவை அல்ல. காலைப் பூசை முடிந்ததும் கேட்பார். பந்தியில் இலை போடும்போது கேட்பார். அம்மா கால் கழுவப் போனால் வழியை மறித்துக்கொண்டு கேட்பார்.

மங்கை அம்மா நாங்கள் தங்கியிருந்த மலையடிவார ஆசிரமத்தின் தலைவி. வயதில் குற்றாலிங்கத்துக்கு மகளாக இருக்கலாம். அவரோ அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று, சந்நியாசம் வேண்டி வந்து சேர்ந்தவர். வந்த அன்றே அம்மா அவரிடம் தோட்டத்தைக் கொடுத்துவிட்டார்.

"தோட்டத்து வேலை முடிஞ்சுதா, அண்ணாச்சி?"

"முடிஞ்சாச்சு. கோடை முடியப் போவுது, சாரலுக்கு முன்னால வெட்டி விடணும்னு சொன்னிய. செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை எல்லாத்தையும் இடுப்பளவுக்கு வெட்டிட்டேன். காஞ்ச பூவைக் கிள்ளிட்டேன். சம்பங்கி நெருக்கியடிச்சுப் பூக்காமக் கிடந்துது. கிழங்கைத் தோண்டிப் பிரிச்சு நட்டுட்டேன்."

"வெட்டின குச்சியெல்லாம் எங்க?"

குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

"நான் சொல்லுதேன்" என்றது சமையலறைக்குள் இருந்து ஒரு குரல். ஆசிரமத்துச் சமையல்காரி ஆவுடைத்தாய் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஒண்ணுகூட எருக்குழிக்குப் போவல. டம்ளர்ல நந்தியாவட்டை. குழம்பு வாளியில சம்பங்கிக் கிழங்கு. தயிர்ச்சட்டியில அரளிம்மா, அரளி! விசம்லா அது! நேத்து வந்த சனத்துக்கு மோரை எதுல ஊத்திக் குடுத்தேன் தெரியுமா? தேங்காச் சிரட்டையில. இன்னைக்கு அந்தச் சிரட்டையையும் காணல."

அவள் கூட்டிச் சொல்லவில்லை. தோட்டத்துக் கொட்டகைக்குள் கால் வைக்க இடம் கிடையாது. பால் கவர், எண்ணெய் டின், உடைந்த குடம், யாரோ விட்டுப்போன தொப்பி, எல்லாவற்றிலும் மண். மண்ணில் ஒரு குச்சி. ஒரு செடியை வெட்டினால் வெட்டின துண்டு ஒவ்வொன்றையும் நட்டுவைத்து, காலை, மதியம், மாலை என்று தண்ணீர் ஊற்றுகிற மனிதரை என்ன சொல்வது?

அதுவும் எந்தக் காலத்தில்? கிணறு வற்றி வாளி தரை தட்டுகிற காலத்தில்.

"குளிக்க வாற சனத்தைத் திருப்பி அனுப்புதோம். இவரு குச்சியைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு. சொல்லிட்டேன், இப்படியே போனா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

"அதுலயும் உயிர் இருக்கே அம்மா. எப்படித் தூக்கி எறிய?" என்றார் குற்றாலிங்கம்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தியானம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெட்டினது செடி தழைக்கணும்னுதான். வெட்டின குச்சியெல்லாம் செடியாவணும்னு இல்ல."

"புரியுதும்மா."

"புரிஞ்சா எறிஞ்சிரலாம்லா?"

"உயிர் இருக்கே."

ஆவுடைத்தாய் கரண்டியால் தன் தலையிலேயே ஒன்று போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

குற்றாலிங்கம் விடவில்லை. "பேச்சை மாத்தாதிய அம்மா. எனக்குக் காவி வேணும். அதைக் கட்டிட்டா வீடு, சொந்தம்ங்கிற பேச்சே முடிஞ்சுது. ஆடி பிறக்குறதுக்குள்ள நீங்க தரலன்னா நான் வேற மடம் பாத்துப் போயிருவேன்."

அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மடிப்புக் கலையாத காவி வேட்டி.

குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தா இருக்கு. கொட்டகையில இருக்குற குச்சியெல்லாம் எருக்குழியில போட்டுட்டு வாங்க. வந்ததும் கட்டிவிடுதேன்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் அவர். "வீட்டையே விட்டுட்டு வந்தவன் நான்!"

அந்தக் கதை ஆசிரமத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டியவர், நேரே இங்கே வந்துவிட்டார். அவள் அப்போது அவருக்காக உலை வைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவள் ஒரு துணிப்பையோடு ஆசிரமத்து வாசல் வரை வந்தாள். இவர் நந்தியாவட்டைப் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டார். வெயிலில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

"திரும்பிக்கூடப் பாக்கலியே நான்!" என்று முடிப்பார். கேட்டவர்கள், "என்ன வைராக்கியம்!" என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அம்மாவோ கதை முடிவதற்குள் எழுந்து போயிருப்பார்.

குற்றாலிங்கம் முதல் நடைக்குக் கொஞ்சம் குச்சிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

மதியம் திரும்பி வந்தார். போகும்போது இருந்ததைவிடக் கூடை நிறைந்திருந்தது.

"போட்டியளா?" என்றார் அம்மா.

"குழி வரைக்கும் போனேன்."

"கூடையில என்ன?"

"ஆவுடைத்தாய் போன வாரம் கல்வாழைக் கிழங்கை எறிஞ்சிருக்கா. மொளை விட்டுக் கெடக்கும்மா. பாவம்."

"நம்ம குச்சி?"

"அதுவும் கூடையிலதான் இருக்கு. அடியில."

அம்மாவுக்குக் கோபம் வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தோம். காவியைத் திண்ணையில் வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். விறுவிறுவென்று கொட்டகைக்குப் போனார். பின்னாலேயே கூடையோடு குற்றாலிங்கம் ஓடினார்.

வாசலை ஒட்டி எண்ணெய் டின்னில் ஒரு செம்பருத்திக் குச்சி. இலையெல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது செத்துப் போச்சு" என்று அம்மா அதைப் பிடித்து உருவினார்.

"தொடாதிய!"

குருவைப் பார்த்து ஒரு சிஷ்யன் கத்தினான். அந்த ஆசிரமத்தில் இது நடக்கக்கூடியதா? ஆவுடைத்தாய் அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"சாவலம்மா அது, சாவல! பாத்தாச் செத்த மாதிரிதான் தெரியும். வெட்டுனா வாடத்தான் செய்யும். நேத்து வரைக்கும் வேரோட நின்னது. இனிமே தண்ணி எங்க இருந்து வரும்னு அதுக்குத் தெரியல. தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கி. இப்பதான் அதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். வெயில் படாமப் பாத்துக்கிடணும். அது திரும்ப வேர் புடிக்கிற வரைக்கும் வெட்டுனவன்தான் கூட இருக்கணும்."

அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

"வெட்டிப் போட்டுட்டு, அது என்ன ஆச்சுன்னு திரும்பிப் பாக்காமப் போறதுக்கு எந்த மனுசனுக்கும்மா மனசு வரும்?"

 

அம்மா குச்சியைத் திரும்ப டின்னில் வைத்தார். கட்டைவிரலால் மண்ணை அழுத்திவிட்டார். கையைத் தட்டிக்கொண்டார். பிறகு, தெருவில் எதிரே வந்த சொந்தக்காரரை விசாரிப்பது போல விசாரித்தார்.

"வீட்டுல மதினி எப்படி இருக்காவ, அண்ணாச்சி?"

நல்லா இருக்கா என்று சொல்லத்தான் குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். ஊரில் மனைவியைப் பற்றி யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.



கூடையைக் கீழே வைத்தார்.

"தெரியாதும்மா" என்றார்.