மேலே மிதந்த கலங்கல்

"சாக மாட்டேங்குது மேடம்! ஒண்ணுகூடச் சாக மாட்டேங்குது!"

செண்பகவல்லி குடுவையை மேஜையில் டொக்கென்று வைத்தாள். அவளுடைய அக்கா கோமதியின் குடற்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அதன் அடியில் ஒட்டி வளர்ந்துகொண்டிருந்தன.

பேராசிரியர் ரெஜினா நிமிர்ந்து பார்க்கவில்லை. செண்பகம் விடவில்லை.

"கெட்டுப்போன செல் தானாச் சாகணும். அதுக்குன்னே ஒரு ஜீன் இருக்கு. அக்காகிட்ட அது ஊமையாயிடுச்சு. சாவைத் தடுக்கிற புரதம் மட்டும் வாட்டசாட்டமா உக்காந்திருக்கு. என்ன நியாயம் இது?"

"மருந்து?"

"அந்தப் புரதத்தை அடக்கத்தானே மருந்து! போட்டுப் போட்டுப் பார்த்துட்டேன். செத்த செல் நீலமாகுற சாயம் ஊத்தி எண்ணினா, ஒண்ணுகூட நீலமாகலை. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!"

அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடி வார்டில் படுத்திருந்த கோமதிக்கு அந்த மருந்தைக் கொடுக்கலாமா என்று டாக்டர்கள் அன்று மாலை முடிவு செய்வதாக இருந்தார்கள். இந்தக் குடுவை சொல்வதைத்தான் கேட்பார்கள். செண்பகத்துக்கு யார் மேல் என்றில்லாமல் கோபம். செல் மேல் கோபம், மருந்து செய்தவன் மேல் கோபம், கடவுள் மேல் கோபம்.

"வேலைக்காகாதுன்னு சொல்லிடவா?"

"என் கண் முன்னாடி ஒரு தடவை எண்ணு."

"எனக்கு எண்ணத் தெரியாதா மேடம்?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுத்தம் விஷயத்தில் செண்பகத்தை அடித்துக்கொள்ள அந்த ஆய்வகத்தில் ஆளில்லை. வழக்கம்போல முதலில் குடுவையைச் சாய்த்து, மேலே கலங்கி நின்ற திரவத்தைக் கழிவு ஜாடியில் கொட்டப் போனாள்.

ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க மேடம். அழுக்கு அது. கொட்டிட்டுத்தான் எண்ணணும்."

ரெஜினா குடுவையை வாங்கிக்கொண்டார். அந்தக் கலங்கலில் ஒரு சொட்டு எடுத்தார். அதே சாயத்தைச் சேர்த்தார். நுண்ணோக்கியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

செண்பகம் வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள்.

பார்த்த இடமெல்லாம் செல்கள். மருந்து பட்டு, அடியில் பிடி விட்டு மிதந்து வந்தவை. சுருங்கி, பொடிப்பொடியாக உடைந்து கிடந்தன. அத்தனையும் நீலம்.

கண்ணாடித் தகட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"இதையா மேடம் ஒவ்வொரு தடவையும் கொட்டினேன்?"

கோபம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதைக் காட்ட வேறு ஆள் இல்லை. தன் கன்னத்தில் அறைந்துகொள்ளக் கை ஓங்கினாள்.

ரெஜினா மறுபடியும் அந்தக் கையைப் பிடித்தார்.

"அக்கா எந்த மாடி?"

"நாலாவது."

"லிஃப்ட் மெதுவா வரும். படியில ஓடு."