இடுப்பில் செருகிய கையுறை

ஆற்றங்கரை மடத்தில் பௌர்ணமிப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிராசு வாசலில் நின்று போனில் தன் லாரி ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"பை கட்டுதீங்களா, தொட்டில் கட்டுதீங்களா? அடுத்த மண்டபத்துக்காரன் வாசல்ல நிக்கான். நான் அங்க வரணுமா? நான் வந்தா நல்லா இருக்காது, ஆமா!"

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து மடத்துத் தலைவி சிவஞானத்தம்மாள் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

ஓட்டல், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று அந்த ஊரில் எங்கே குப்பை சேர்ந்தாலும் இசக்கிராசு லாரிதான் வந்து நிற்கும். ஒரு காலத்தில் தானே பை கட்டி, தானே தலையில் சுமந்து, அடியும் ஏச்சும் பட்டு மேலே வந்த மனிதர். பேரம் பேசாமல் எதையும் வாங்கியதில்லை, சாமிக்கு நேர்ந்துகொள்ளும்போதுகூட. கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். அதை அவர் இறக்கி வைக்கிற ஒரே இடம் இந்த மடம். சிவஞானத்தம்மாள் வயதில் அவருக்கு இளையவர்தான். ஆனால் அவர் முன்னால் மட்டும் இசக்கிராசுவுக்குக் குரல் தணிந்துவிடும்.

"எந்திரி இசக்கி. இன்னைக்கு என்ன கொண்டு வந்திருக்கே?"

"ஒரு கேள்வி தாயே."

"கேளு."

"எல்லாருக்கும் புத்தி வரணும்னு ஒருத்தியை வேலையை விட்டு அனுப்பினா பாவமா?"

"யாரு அந்த ஒருத்தி?"

"பூரணம். நம்ம லாரியில பை கட்டுதவ."

கையோடு கொண்டுவந்திருந்த புதுக் கையுறை ஜோடியை எடுத்துத் தரையில் வைத்தார். தடித்த ரப்பர், முழங்கை வரைக்கும் வரும்.

"பாருங்க, எம்புட்டுக் கெட்டி! கண்ணாடி இறங்காது, ஆணி இறங்காது. அத்தனை பேருக்கும் வாங்கிக் குடுத்தேன். கிளவுஸ் போடணும் போடணும்னு தொண்டை கிழியக் கத்தினேன். நேத்து ஒரு ஓட்டல் பின்பக்கம். பைக்குள்ள உடைஞ்ச பாட்டில் கிடந்திருக்கு. உள்ளங்கை பிளந்துட்டு. ஓடிப் போய்ப் பார்க்கேன், கிளவுஸ் ரெண்டும் இடுப்புல பத்திரமாச் செருகியிருக்கு! பட்டுச்சேலையா அது, அழுக்குப் படாம வச்சுக்க?"

"கை எப்படி இருக்கு?"

"தையல் போட்டாச்சு. வைத்தியச் செலவு நம்மளது, அதுல குறை வைக்கலே. விரல் மடங்குமான்னு கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும்ங்காங்க."

"அவ என்ன சொல்லுதா?"

"என்னத்தச் சொல்லுதா! கிளவுஸ் போட்டா முடிச்சு விழ மாட்டேங்காம். யாருகிட்ட கதை விடுதா? நான் கட்டாத பையா?" குரல் ஏறியது. சட்டென்று நினைவு வந்து தணித்துக்கொண்டார். "இனிமே கிளவுஸ் இடுப்புல இருந்தா, யாரா இருந்தாலும் வெளியே. முதல்ல அவதான். வீட்டுல அவ ஒருத்தி சம்பாத்தியம். அதான் ராத்திரி தூக்கம் வரலே. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, இன்னைக்கே அனுப்பிருவேன்."

அம்மாள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பந்திக்கூடத்தைப் பார்த்தார். எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. அடுக்களையிலிருந்து பாதி நிரம்பி வந்த கறுப்புப் பை ஒன்று பக்கத்தில் நின்றது. மடத்துக் குப்பையை இசக்கிராசு காசு வாங்காமல் எடுத்துப் போவார். அதற்கான லாரியும் வெளியே வந்து நின்றுவிட்டது.

"அந்தப் பையை நிரப்பிக் கட்டிக் குடுத்துட்டு வா."

"நானா? ஆளைக் கூப்பிடுதேன் தாயே."

"நீ கட்டாத பையா?"

இசக்கிராசு சிரித்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கிளவுஸ்" என்றார் அம்மாள்.

"போடாம இருப்பேனா?"

இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு இலைகளை அள்ளிப் போட்டார். அள்ளுவதற்குச் சுகமாகத்தான் இருந்தது. பை நிறைந்தது. உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பூதம் மாதிரி உப்பியது. வாயைக் கூட்டிப் பிடித்து முறுக்கினார். தடித்த ரப்பர் விரல்களுக்கு நடுவில் பை வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி கூட்டினார். மறுபடி வழுக்கியது. முடிச்சுக்குள் விரல் நுழைந்தது, வெளியே வரவில்லை.

அம்மாள் அருகில் வந்து நின்றார்.

"பை கட்டுதியா, தொட்டில் கட்டுதியா?"

இசக்கிராசு திடுக்கிட்டுப் பார்த்தார். கூடம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இந்தா, முடிஞ்சுது தாயே."

"அடுத்த மண்டபத்துக்காரன் வாசல்ல நிக்கான்."

நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. துடைக்கவும் முடியவில்லை, கையில் எச்சில் ரப்பர். மூன்றாம் தடவையும் பை வாயைப் பிளந்தது.

"நான் அங்க வரணுமா? நான் வந்தா நல்லா இருக்காது, ஆமா!"

"சவத்த மூதி!" என்று இசக்கிராசு பையைத்தான் ஏசினார். கையுறைகளை உருவினார். கீழே வைக்க இடமில்லை, எங்கும் எச்சில். இடுப்பில் செருகிக்கொண்டார். அப்புறம் கைக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. இடது கை பையின் வாயைக் கூட்டிப் பிடித்தது. காற்றை வெளியேற்றினால்தான் முடிச்சு நிற்கும். வலது உள்ளங்கை ஓங்கி உயர்ந்து பையின் மேல் இறங்கப் போனது.

இறங்கவில்லை. அம்மாள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

இசக்கிராசுவின் இடது கை தளர்ந்து பையின் வாய் விரிந்தது. அம்மாள் இன்னொரு கையில் இருந்த கரண்டிக்காம்பால் இலைகளை மெல்ல விலக்கினார். காலையில் அடுக்களையில் உடைந்த ஊறுகாய் பாட்டிலின் கழுத்து, கூர்முனை மேலே பார்க்க நின்றது.

இசக்கிராசு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளவுஸ் எங்கே?" என்றார் அம்மாள்.

குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.

"அது வந்து தாயே... கிளவுஸ் போட்டா முடிச்சு..."

பாதியில் நின்றுவிட்டார். அம்மாள் மணிக்கட்டை விட்டார்.

இசக்கிராசு தொண்டையைக் கனைத்தார். வியாபாரக் குரல் வந்தது.

"சரி தாயே. கயிறை இழுத்தா வாய் சுருங்குற பை இருக்கு, அதை வாங்கிப் போடுதேன். கண்ணாடிக்குத் தனி டப்பா வைங்கன்னு ஓட்டல்காரன்கிட்டச் சண்டை போடுதேன். மண்டபத்துக்காரன்கிட்ட அரைமணி நேரம் கூடுதலாக் கேட்டு வாங்குதேன். போதுமா?"

"என்கிட்ட எதுக்குப் பேரம்? எனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கே."

"அப்போ பூரணம்? அவளை அனுப்பவா, வேண்டாமா? அதையாவது வாய் திறந்து சொல்லுங்க."

"கிளவுஸ் இடுப்புல இருந்தா, யாரா இருந்தாலும் வெளியேன்னு நீதானே சொன்னே?" என்றார் சிவஞானத்தம்மாள். "வாசல் திறந்துதான் இருக்கு, இசக்கி."

வெளியே லாரி ஹாரன் நீளமாக அடித்தது. "நேரமாயிட்டு அண்ணாச்சி!" என்று டிரைவர் கத்தினான்.

"கொஞ்சம் பொறுலே!" என்றார் இசக்கிராசு; இடுப்பிலிருந்து கையுறைகளை உருவி மாட்டிக்கொண்டு, அந்தக் கண்ணாடியை மெல்ல வெளியே எடுத்தார்.