விஐ தன் கையைக் கட்டிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், கணினியின் கறுப்புத் திரைக்குள் இருக்கும் கட்டளைகளுக்கெல்லாம் வாய் இருந்தது. கூப்பிட்டால் பதில் சொல்லும். கூப்பிடாமலே வம்பும் அளக்கும். கோப்புகளைத் திருத்தும் விஐக்குக் கொஞ்சம் தலைக்கனம். விசையில் விரல் பட வேண்டியதுதான், எழுதிவிடும். எழுதியதை அந்தக் கணமே சேமித்தும் விடும். கோப்பைப் பார்க்க மட்டுமே உதவும் லெஸ் என்றால் அதற்கு இளக்காரம்.

இரண்டும் ஒரு கடற்கரை மீனவர் சங்கத்தில் ரோசம்மாளிடம் வேலை பார்த்தன. கடலுக்குப் போன படகுகளின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கும். கரை திரும்பிய படகின் வரிக்கு முன்னால் அவள் 1 என்று போடுவாள். வரி வெறுமனே இருந்தால் ஆள் இன்னும் கடலில்தான்.

ஒரு கார்த்திகைக் காலையில் புயல் அடித்தது. தேடிப் போகிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"யார் யாரு வரலைன்னு பாக்கணும்" என்றாள் ரோசம்மாள்.

"பாக்கத்தானக்கா? என்னைக் கூப்பிடுங்க" என்றது லெஸ்.

"இல்ல, விஐயே தொறக்கட்டும். திரும்பி வார படகுக்கு அப்படியே 1 போட்டுக்கிடலாம்லா."

திறந்ததும் தொலைபேசி அடித்தது. அவள் எட்டி எடுத்தபோது, ஊன்றிய இடது கை விரல் 1 விசையில் பட்டது. பட்டியலில் முதலில் இருந்த, அவளுடைய அண்ணன் செலஸ்தீனின் படகுக்கு முன்னால் 1 விழுந்தது.

"அவுக பாக்கவே இல்ல. ஒரு வார்த்தை கேளு" என்று லெஸ் பதறியது.

"விரல் பட்டுது, எழுதினேன். கேள்வி கேக்குறது என் சோலியா?" என்றது விஐ. போன் இரைச்சலில் அவளுக்கு இது எதுவும் கேட்கவில்லை.

ரோசம்மாள் திரும்பி அந்த 1ஐப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையோ போன். அண்ணன் பக்கத்துக் கரையில் ஏறியதை யாரோ சொல்லி, தானே குறித்திருப்பதாக நினைத்தாள். நிம்மதியாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். 1 இல்லாத ஆறு படகுகளின் பெயரையும் வாசலில் நின்றவர்களுக்கு வாசித்தாள். ஆறையும் அவர்கள் தேடிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மூன்றாம் நாள் செலஸ்தீனின் படகு கவிழ்ந்த நிலையில் கரை ஒதுங்கியது. போன நான்கு பேரில் ஒருவரும் வரவில்லை.

அவள் மறுபடி பட்டியலைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இதை நானா போட்டேன்?"

"விரல் பட்டுதுக்கா. உங்க கண்ணு திரையில இல்ல. தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றது விஐ.

அவள் திட்டவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால்கூட விஐ தாங்கியிருக்கும். அதற்குப் பிறகு அது பேசவில்லை. மற்றக் கட்டளைகளும் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் விஐ திறந்ததும் கைகட்டி நிற்கிறது. எழுதச் சொல்லித் தனியாக ஒரு விசையை அழுத்தினால்தான் எழுதும். சேமிக்கச் சொன்னால்தான் சேமிக்கும். எழுதியதைச் சேமிக்காமல் பாதியில் விட்டுப் போகப் பார்த்தால் வழியை மறிக்கும். வெளியேறத் தெரியாத புதியவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். நாலு உயிர் போன பிறகு கற்றுக்கொண்ட பொறுமை அது, யார் திட்டியும் இளகுவதில்லை.